பேசும் கோலும் படிக்கக் கூடாத கதவும்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், கேளுங்கள், ஆழிமங்கலம் என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே கயிறு திரித்துப் பிழைத்தவள் சிலம்பாயி. பிறவியிலேயே பார்வை கிடையாது. துணைக்கு ஒரே தங்கை, செவ்வந்தி.

ஒருநாள் காலை தெருவில் முரசு அடித்தார்கள்.

"மலையடி மந்திரவாதி கங்காளன் பேசும் கோல் செய்திருக்கிறான்! பள்ளம் வந்தால் சொல்லும், படி வந்தால் சொல்லும், பாம்பு வந்தால் சொல்லும்! பார்வையில்லாதவர்களுக்கு இலவசம்! அவன் வீட்டுக் கதவில் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்தால் போதும்!"

"பார்வையில்லாதவங்க எப்படிடி படிக்கிறது?" என்றாள் சிலம்பாயி.

"நான் படிக்கிறேன்க்கா!" என்று ஓடினாள் செவ்வந்தி.

மத்தியானம் திரும்பி வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கோலை அக்காவின் கையில் வைத்தாள். கோல் பேசியது.

"மூணு அடியில வாசப்படி, அக்கா."

செவ்வந்தியின் குரல்!

சிலம்பாயி பதறிப்போய்த் தங்கையின் முகத்தைத் தடவினாள். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"வாசப்படி, அக்கா. வாசப்படி" என்றது கோல். அந்தக் குரலில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

சிலம்பாயி வெளியே காது கொடுத்தாள். தெருவில் நிறையக் காலடிச் சத்தம். ஆனால் பேசியவை கோல்கள் மட்டுமே. கணவனுக்காகப் படித்த மனைவி, அம்மாவுக்காகப் படித்த மகன், எல்லோருடைய குரலும் கோலுக்குள்ளே போயிருந்தது. வீடுகள் வாயடைத்துக் கிடந்தன.

செவ்வந்தி அவளை இழுத்துக்கொண்டு மலையடிக்குப் போனாள். அக்காவின் விரலைக் கதவில் செதுக்கிய எழுத்தின்மேல் வைத்தாள். பிறகு அதே விரலைத் தன் தொண்டையில் வைத்தாள். சிலம்பாயிக்குப் புரிந்துவிட்டது.

கதவில் மொத்தம் மூன்று வார்த்தைகள். தினமும் தங்கையோடு வந்து, நாளுக்கு ஒரு வார்த்தையாகத் தடவித் தடவி, அதன் வளைவையும் சுழியையும் விரலில் ஏற்றிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் எழுத்தாணியால் ஓலையில் கீறினாள். தடவும்போதெல்லாம் கதவு பிணம் போலச் சில்லென்றிருந்தது. உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள்.

"யாரது?" என்பான் கங்காளன்.

"பார்வையில்லாதவ சாமி. கதவைத் துடைக்கிறேன்."

"துடை, துடை! எழுத்து பளிச்சென்று தெரியட்டும்!"

மூன்று நாளும் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு.

நான்காம் நாள் தங்கையோடு போய் அவளே கதவைத் தட்டினாள். கங்காளன் திறந்தான்.

"சாமி, என் கையில ஒரு ஓலை இருக்கு. என்ன எழுதியிருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

"வேறு ஆள் இல்லையா?"

"வாய்விட்டுப் படிக்க இந்த ஊர்ல யாரை விட்டு வச்சீங்க?"

கங்காளனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓலையைப் பிடுங்கினான். எழுத்தோ கோணல்மாணல். எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிந்தது.

"ப...டித்...தவர்... கு...ரல்... கோ...லு...க்கே..."

கடைசி எழுத்தில்தான் அவனுக்கு உறைத்தது. அதற்குள் சொல்லிவிட்டான். அலற வாயைத் திறந்தான், வெறும் காற்றுதான் வந்தது. ஒருவன் தன் மந்திரத்தைத் தானே படித்தால், அது மற்றவர் குரல்களை விட்டுவிட்டு அவன் குரலைப் பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? உள்ளே அடுக்கியிருந்த கோல்கள் அத்தனையும் கங்காளன் குரலிலேயே முனகத் தொடங்கின.

பின்னாலிருந்து, "அக்கா!" என்று ஒரு சத்தம்.

சிலம்பாயி திரும்பித் தங்கையைக் கட்டிக்கொண்டாள். ஊர்ப்பக்கமிருந்து ஓவென்று பேச்சும் அழுகையும் சிரிப்பும் எழுந்தன.

ராஜா அந்தக் கதவைப் பிளந்து அடுப்பெரிக்கச் சொன்னார். கோல்களைச் சிலம்பாயியின் பொறுப்பில் விட்டார். கை நீட்டியவர்களுக்கெல்லாம் கோல் கொடுத்தாள். எதையும் படிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தனியாகக் கடற்கரைக்கு நடந்தாள்.

"இடப்பக்கம் கல்" என்று கங்காளன் குரலில் உறுமியது கோல். அவள் நின்று கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"மரியாதையாச் சொல்லு."

கோலின் குரல் தணிந்தது.

"இடப்பக்கம் கல்... தாயே. பார்த்துப் போங்க."