வட்டத்தின் நான்கு மூலைகள்

சிபியின் பட்டறைக்கு மெஷின் கட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் வயதில் மூத்தவர் அமலோற்பவம் டீச்சர். குருவுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. சிஷ்யைக்கு அடுத்த வருடம் பணி ஓய்வு.

பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். வட்டமும் முக்கோணமும் இப்படித்தான் இருக்கும் என்று அட்டையில் நூல் ஒட்டிக் காட்டுவார். பிள்ளைகள் தடவத் தடவ நூல் பிய்ந்து கையோடு வரும். மரத்தில் செதுக்கிக் கொடுத்தால் காலத்துக்கும் நிற்குமே என்று ஒருநாள் தோன்றியது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் சிஎன்சி மெஷின் ஒன்றைத் தானே செய்துவிடுவது என்று முடிவெடுத்தார். வீட்டில் சிரித்தார்கள். அவர் விசாரித்துக்கொண்டு கணபதி ஏரியாவில் இருந்த சிபியின் பட்டறைக்குப் போனார்.

சட்டங்களை அவரே அளந்தார், அவரே அறுத்துப் பூட்டினார். கடையில் காட்டியதிலேயே பெரிய மோட்டாராகப் பார்த்து, நீளவாக்குக்கு ஒன்று, அகலவாக்குக்கு ஒன்று என்று வாங்கி வந்தார். மோட்டார் சுற்றும்போது, பலகை வைக்கும் டேபிளை நகர்த்துவது ஸ்க்ரூதான். அதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. மரை போட்ட சாதாரணக் கம்பி போதும் என்று மாட்டிவிட்டார்.

சிபி பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வட்டம் அவ்வளவு அழகாக வந்தது. பலகையைப் பட்டுச்சேலை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார் டீச்சர். வகுப்பில் ஜுலைகா என்ற பிள்ளையின் கையில் கொடுத்தார். அவள் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுபடியும் சுற்றினாள்.

"டீச்சர், வட்டத்துக்கு மூலையே கிடையாதுன்னீங்களே?"

"ஆமாம்மா, கிடையாது."

"இதுல நாலு இருக்கு."

டீச்சர் பலகையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜுலைகா அவர் விரலைப் பிடித்து இழுத்துப்போய் ஒவ்வொரு இடமாக நிறுத்தினாள். மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நான்கு இடத்திலும் மயிரிழை அளவுக்கு ஒரு படி தட்டியது.

பலகையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்து, ஜுலைகா கண்டுபிடித்த நாலு மூலையைக் காட்டினார்.

"தம்பி, மோட்டாருக்கு பலம் பத்தல போல. இதைவிடப் பெருசு எங்க கிடைக்கும்?"

சிபி அவர் மெஷினிலிருந்து ஒரு மோட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தான். அதன் இடத்தில், ஸ்க்ரூவின் முனையில் ஒரு கைப்பிடியை மாட்டினான்.

"கண்ண மூடிக்கங்க டீச்சர். ஒரு கைய டேபிள் மேல வெச்சுட்டு, இன்னொரு கையால இதச் சுத்துங்க."

சுற்றினார். உள்ளங்கையின் கீழ் டேபிள் மெதுவாக நகர்ந்தது.

"இப்ப எதிர்ப்பக்கம் சுத்துங்க."

கைப்பிடி திரும்பியது. டேபிள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் கிளம்பியது.

"சுத்தறேன், நகர மாட்டேங்குது. யோசிச்சுட்டு நகருது."

"ஒரு வட்டம் போடறதுக்கு மெஷின் எத்தன தடவ திரும்போணும்?"

கணக்கு டீச்சருக்கு நேரம் பிடிக்கவில்லை. நீளவாக்கில் இரண்டு தடவை, அகலவாக்கில் இரண்டு தடவை. அவர் கண்ணைத் திறந்தார்.

"நாலு" என்றார் மெதுவாக.

சிபி அலமாரியிலிருந்து வேறொரு ஸ்க்ரூவை எடுத்து வந்தான். அதன் நட்டுக்குள் குட்டிக் குட்டி எஃகுக் குண்டுகள், பழைய கம்பியில் இருந்த இடைவெளி இல்லாமல் உருண்டன. அந்தக் குண்டுகளால்தான் அதற்குப் பால் ஸ்க்ரூ என்று பெயர். அதை மாட்டிக் கைப்பிடியை அவரிடம் கொடுத்தான்.

சொல்லாமலே டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். முன்னால் சுற்றினார், பின்னால் சுற்றினார். கை திரும்பிய கணமே டேபிளும் திரும்பியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சரி, மோட்டார்?"

சிபி ஒரு பலகையை வைத்துக் கட்டரை ஓடவிட்டான். "நீங்களே வெட்டுங்க."

டீச்சர் கைப்பிடியைச் சுற்றினார். மரத்தூள் பொங்கிப் பொங்கி விழுந்தது.

"எத்தன விரல்ல சுத்தறீங்க?"

அவர் தன் கையையே அதிசயமாகப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் இருந்தன.

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மோட்டாரை எடுத்து அவர் முன் வைத்தான் சிபி. "அந்த ரெண்டு விரலோட பலமும், மேல கொஞ்சம் மிச்சமும் இதுல இருக்குதுங்க."

"அப்ப அந்தப் பெருசு?"

"இரும்பு வெட்ட மெஷின் செய்யறப்ப எடுத்துட்டு வாங்க."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி?"

"சொல்லியிருந்தா அந்த நாலு மூலை உங்களுக்குக் கிடைச்சிருக்காதுங்களே."

டீச்சர் மெஷினை வீட்டுக்கு ஏற்றிப்போய் மொத்தமாகப் பிரித்தார். பால் ஸ்க்ரூ இம்மி கோணினாலும் இறுகிப்போய்ச் சுற்ற மறுத்தது. கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். சிபியை உதவிக்குக் கூப்பிடவில்லை. கடைசியில் ஒருநாள் மெஷின் சத்தமே இல்லாமல் ஓடியது. சிரித்தவர்கள் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் போன் செய்து பக்கத்துத் தெரு மச்சினரையும் வரச்சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் பட்டறைக்கு வந்தபோது அவருடைய நடையே வேறாக இருந்தது.

"ஜுலைகா என்ன சொன்னா?" என்றான் சிபி.

"விரல வெச்சா. சுத்திக்கிட்டே இருந்தா. மணி அடிச்சும் எழுந்திரிக்கல. கடைசில, 'டீச்சர், இது எங்க ஆரம்பிக்குது?'ன்னு கேட்டா."

"நீங்க?"

"நீயே கண்டுபிடின்னுட்டேன்."

சிபி டிரில்லிங் மெஷினை நிறுத்தினான். டீச்சர் கொஞ்சம் தயங்கினார். மார்க் வாங்கியதும் தலைகால் தெரியாமல் ஆடக்கூடாது என்று ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவர் அவர்.

"தம்பி, எனக்குத் தரையில கால் பாவல. இந்த வயசுல இவ்வளவு பெருமைப்படலாமா?"

"ஜுலைகா கண்டுபிடிச்சுட்டாளா?"

"எங்க? இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கா."

"அவ கண்டுபிடிக்கற வரைக்கும் பெருமைப்பட்டுக்கங்க டீச்சர்."