பெடல் வாங்கப் போன தேவாங்கும் சாட்சிப் பல்லியும்

"நல்லாத்தான் வாசிக்குது. ஆனா பத்தியச் சோறு மாதிரி இருக்கு."

அந்தக் காலத்தில், கரண்ட் வந்துவிட்ட பிறகும் விலங்குகள் பேச்சை விடாமல் இருந்த காலத்தில், ஒரு கல்யாணக் கச்சேரி முடிந்த சாயங்காலம் காகம் இப்படிச் சொன்னது. மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த தேவாங்கின் காதில் அது விழுந்தது. அந்த மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பது தேவாங்குதான்.

குழுவை நடத்தியது மரங்கொத்தி. டிரம்ஸ் அடிப்பதும் அதுவேதான்.

"நானும் கவனிச்சேன் மாமா," என்றது மரங்கொத்தி. "நான் நாலு அடி அடிச்சா அதோட கிட்டார் முங்கிப் போயிடுது. புளியந்தோப்புக் கோயில் கொடை வரைக்கும் பார்ப்பேன். அதுலயும் இப்படின்னா கொண்டைக்குருவியைக் கூப்பிட வேண்டியதுதான். அதுக்கும் கிட்டார் வரும்."

தேவாங்கு சுருட்டிய ஒயரை அவிழ்த்து மறுபடியும் சுருட்டியது. அதற்கு வேகமாக ஓட வராது. கூட்டத்தில் பேச வராது. கிட்டார் ஒன்றுதான் வரும். கொடைக்கு எட்டு நாள் இருந்தது.

கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைக்கும் ஒரு சின்ன டப்பா உண்டு. காலால் மிதித்தால், வரும் சத்தம் கொஞ்சம் உடைந்து, கரகரத்து, காரமேறி வரும். ஓவர்டிரைவ் பெடல் என்பார்கள். அதை வாங்கிவிடுவது என்று தேவாங்கு முடிவு செய்தது. ஆனால் வாங்குவது அதற்கு லேசான காரியமில்லை. கிட்டாரை உறையில் வைத்து மூடிவிட்டு, அதற்குள் யாராவது தந்தியைத் தளர்த்தியிருப்பார்களோ என்று திறந்து பார்க்கிற குணம் அதற்கு. யாராவது தண்ணீர் கொடுத்தால், கொடுத்தவர் முதலில் ஒரு வாய் குடிக்க வேண்டும்.

அந்த நாளில் யார் எதை வாங்கப் போனாலும் ஒரு பல்லியைச் சாட்சிக்கு அழைத்துப் போவார்கள். பல்லி எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கும்; எந்த வீட்டுப் பக்கமும் சாயாது. அதனால் அது சொன்னால் சொன்னதுதான். தேவாங்கு ஒன்றுக்கு மூன்று பல்லிகளை விசாரித்து, அதில் ஒன்றை அழைத்துக்கொண்டு ஓணானின் கடைக்குப் போனது.

"வாங்க அக்கா," என்றது ஓணான். பச்சை, மஞ்சள், கறுப்பு என்று மூன்று பெடல்களை எடுத்து வரிசையாக வைத்தது.

"இதுல எது டிரம்ஸுக்கு நடுவுல முங்காம கேட்கும் அண்ணாச்சி?"

"கேட்கும்." ஓணான் தலையை ஆட்டியது.

"எதுன்னு கேட்டேன்."

"அதேதான்." மறுபடியும் ஆட்டியது.

தேவாங்கு பச்சையை மிதித்து வாசித்தது. கடையே நிறைந்தது. அதன் முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே சுருங்கியது. குனிந்து பார்த்தது. பெடலின் மேல் மூன்று குமிழ்கள் இருந்தன: சத்தத்துக்கு ஒன்று, கரகரப்புக்கு ஒன்று, கூர்மைக்கு ஒன்று. சத்தக் குமிழ் கடைசி வரைக்கும் திருகியிருந்தது. மற்ற இரண்டு பெடல்களிலும் அப்படியே.

"சத்தத்தைக் கூட்டி வச்சுக் காட்டினா எதுதான் அண்ணாச்சி நல்லா இருக்காது?"

"தூசி தட்டும்போது திரும்பியிருக்கும் அக்கா."

"மூணும் ஒரே பக்கமாவா?"

ஓணான் தலையை ஆட்டியது.

தேவாங்கு மூன்றிலும் சத்தக் குமிழைக் குறைத்தது. பெடலை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே அளவு சத்தம் வரும்படி வைத்தது. அடுத்து அதற்குத் தன் கண்கள் மேலேயே சந்தேகம் வந்தது. கறுப்பைப் பார்த்தாலே முரடாகத் தோன்றுகிறது. மிதித்ததும் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்தால் காது கேட்பதற்கு முன்பே மனசு முடிவு கட்டிவிடுகிறது. அதனால் பெடல்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது.

"அண்ணே, நீ அழுத்து. எதை அழுத்துறேன்னு சொல்லாதே. நான் கேட்டா மட்டும் சொல்லு."

பல்லி உடம்பு முழுவதையும் தூக்கிப் பொத்தானில் விழுந்தது. டக்.

"சளி பிடிச்சவன் பாடுற மாதிரி இருக்கு," என்றது தேவாங்கு. அது பச்சை. டக். "தகரத்து மேல மணலைக் கொட்டின மாதிரி." அது மஞ்சள். டக். "ஆட்டுக்கல்லை இழுக்குற மாதிரி இருக்கு. இரு, அதையே இன்னொரு தடவை. இப்ப அணைச்சுடு. இப்ப முதல்ல போட்டது."

மதியச் சாப்பாட்டு நேரம் போய், காபி நேரமும் போனது. எத்தனையாவது தடவை என்று எண்ணுவதைப் பல்லி விட்டுவிட்டது. அதன் வயிறு சிவந்திருந்தது. ஓணான் வாசலில் ஓர் எறும்பைத் துரத்திக்கொண்டு போய்விட்டது.

"அண்ணே," என்றது தேவாங்கு திரும்பாமலே. "நீ ஒழுங்காத்தான் அழுத்துறியா?"

"அழுத்துறேன் தங்கச்சி."

"ஓணான் உனக்கு மாமன் முறைதானே?"

பல்லி பொத்தானிலிருந்து இறங்கியது. "ஆமா. அதுக்கென்ன?"

"சும்மா கேட்டேன்."

"நான் சாட்சிக்கு ஏறி இறங்காத கடை இல்லை. என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

பல்லியின் வால் நுனி துடித்தது. அது கறுப்புப் பெடலின் மேல் ஏறி நின்றது. பொத்தானைத் தொடவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தது. டக்.

தேவாங்கு ஒரு வரி வாசித்தது. நிறுத்தியது. அதே வரியை மறுபடியும் வாசித்தது.

"இதுதான்," என்றது தாழ்ந்த குரலில். "கரகரப்பு இருக்கு, ஆனா நாக்கைச் சுடலை. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியா கேட்குது. இதுதான் அண்ணே."

பல்லி விளக்கைப் பார்த்தது. எரியவில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தது. அதற்குள் தேவாங்கு திரும்பிவிட்டது. அந்தப் பெரிய கண்கள் இரண்டும் கலங்கியிருந்தன; எரியாத விளக்கை அவை கவனிக்கவில்லை.

"எது இது?"

"கறுப்பு," என்றது பல்லி.

"நீ அழுத்தினியா?"

"அழுத்தினேன்."

வாயில் எறும்போடு உள்ளே வந்த ஓணான் தலையை ஆட்டியது.

கொடையன்று புளியந்தோப்பில் நிற்க இடமில்லை. கொண்டைக்குருவி இரண்டாம் வரிசையிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. தேவாங்கு தன் முறை வந்ததும், யாரும் குமிழைத் திருகிவிடக் கூடாதென்று அதுவரை பொட்டலம் பிரிக்காமலே வைத்திருந்த பெடலை மிதித்துத் தந்தியைத் தட்டியது.

மலைச்சரிவில் பாறை உருண்டது போல ஒரு சத்தம் வந்தது. கிளைகளில் இருந்த பறவைகள் எழுந்து பறந்தன. மரங்கொத்தியின் அடி நின்றது. கொண்டைக்குருவி கொண்டையைச் சரிசெய்துகொண்டது.

"இது நான் எடுத்த பெடல் இல்லை," என்றது தேவாங்கு. அது கூட்டத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. "அண்ணாச்சி மாத்திட்டார்."

எல்லாரும் ஓணானைப் பார்த்தார்கள். ஓணானின் தலை ஆடவில்லை. "நான் மாத்தலை அக்கா. சத்தத்தைக் கூட்டி வச்சது நிஜம். மாத்தலை. உன் சாட்சியையே கேளு."

பல்லி டியூப்லைட் கம்பத்தில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது. மாத்திட்டார் என்று ஒரு சொல் சொன்னால் போதும்; யாரும் மறுகேள்வி கேட்கப் போவதில்லை. ஓணான் கடையை மூட வேண்டியதுதான். பல்லி வாயிலிருந்த பூச்சியைத் துப்பியது.

"மாத்தலை. கடைசித் தடவை நான் பொத்தானை அழுத்தலை. நாக்காலதான் டக்குன்னேன். உனக்குக் கேட்டது வெறும் கிட்டார்."

காகம் தின்றுகொண்டிருந்த முறுக்கைக் காலடியில் வைத்தது. பிறகு கேட்டது: "அப்ப உனக்குப் பிடிச்சதும் பத்தியச் சோறுதானா தாயி?"

சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. மரங்கொத்தி கொண்டைக்குருவியின் பக்கம் பார்த்தது.

தேவாங்கு கீழே குனிந்து கறுப்புப் பெடலைப் பார்த்தது. ஓணான் சத்தத்தில் ஏமாற்றியதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், அன்றைக்கு அது கரகரப்புக் குமிழைத் தொடவே இல்லை. அது கடையில் இருந்தபடியே கடைசி வரைக்கும் திருகியிருந்தது.

தேவாங்கு மொத்தக் கூட்டத்துக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

"அண்ணே, இறங்கி வா. வாயைத் திறக்காதே. அழுத்து."

பல்லி கம்பத்திலிருந்து இறங்கி வந்து பொத்தானில் விழுந்தது. டக். தேவாங்கு ஒரு தந்தியைத் தட்டிக் கேட்டுவிட்டு, விரலை மடக்கிக் கிட்டாரின் மரத்தில் மூன்று முறை தட்டியது. கேட்டாயிற்று, அடுத்தது என்று அர்த்தம். பின்னால் கையை நீட்டி, பார்க்காமலே, கரகரப்புக் குமிழை ஒரு பங்கு குறைத்தது. டக். மூன்று தட்டு. இன்னும் குறைத்தது. சத்தக் குமிழை ஒரு மயிரிழை கூட்டியது. டக். மூன்று தட்டு. கூட்டத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

கரகரப்பு ஏறக்குறைய அடியில் வந்து நின்றபோது தேவாங்கு மெல்லத் தட்டிப் பார்த்தது. தந்தி தெளிவாக ஒலித்தது. அழுத்தித் தட்டியது. சத்தத்தின் விளிம்பு மட்டும் வறுத்த பருப்பு உடைவது போல உடைந்தது. மரங்கொத்தி தலையை நிமிர்த்தி மெதுவாக அடிக்கத் தொடங்கியது. பிறகு மெதுவாக அடிக்கவில்லை. கிட்டார் முங்கவும் இல்லை.

காகத்தின் காலடியில் ஒரு முறுக்குத் துண்டு பாட்டு முடியும் வரை கிடந்தது. நடுவிலேயே கொண்டைக்குருவி எழுந்து போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணம் இருக்கு," என்றது மரங்கொத்தி கடைசியில். "நேரத்துக்கு வந்துடு."

பொய்ச்சாட்சி சொன்ன பல்லியை அதற்குப் பிறகு எந்தக் கடைக்கும் யாரும் அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் அது பேசியிருக்காது. சொல்லை விட்டுவிட்டது. அன்று முதல்தான் பல்லி சுவரில் இருந்தபடி கேட்டுக்கொண்டே இருந்து, யாராவது மெய் பேசினால் மட்டும் நாக்கை ஒட்டி எடுத்து டக்கென்கிறது; கேட்டவர்களும் விரலை மடக்கி மூன்று முறை தட்டுகிறார்கள்.

முதலில் அப்படித் தட்டியது தேவாங்குதான். கொடைக்கு மறுநாள் காலையில் தந்திகளைத் துடைத்துக்கொண்டே அது தனக்குத்தானே, "நேத்து நல்லாத்தான் இருந்துச்சு," என்றது. பின்னாலிருந்த மரத்தில் டக்கென்று கேட்டது. தேவாங்கு கிட்டாரைக் கீழே வைத்து, மெதுவாகத் திரும்பி, பல்லியின் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, விரலை மடக்கி மரத்தில் மூன்று முறை தட்டியது.