தூக்கம் கலையாத பிள்ளை

அவசரக்காரர்களுக்கு இந்தக் கதை ஒத்துவராது. முழுவதும் கேளுங்கள், கொஞ்சம் பொறுங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

தென்காசிப் பக்கம் ஓர் ஊரில் ஆவுடையம்மாள் அங்கன்வாடி டீச்சர். அந்த வேலையில் பெரிய பாடு எது தெரியுமா? பாட்டுச் சொல்லிக்கொடுப்பதல்ல, சோறு ஊட்டுவதும் அல்ல. மத்தியானம் பாய் விரித்து அத்தனை வாண்டுகளையும் தூங்க வைப்பதுதான். ஒன்று கண்ணை மூடினால் இன்னொன்று எழுந்து உட்காரும். ஆயாம்மா பாத்திரம் துலக்கினால் பாதி எழும். தெருவில் ஐஸ்காரன் மணியடித்தால் மீதியும் எழும். மகிழினி என்ற பிள்ளை மட்டும் போட்டது போட்டபடி கிடப்பாள். “மகிழினியப் பாருங்க, அவள மாதிரி சமத்தா இருக்கணும்” என்று டீச்சர் நாள் தவறாமல் மற்றதுகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகிழினியின் அம்மா முத்துப்பேச்சி பீடி சுற்றுகிறவள். தாய்மாமனையே கட்டியவள், அவன் கேரளாவில் பரோட்டாக் கடையில் இருந்தான். பிள்ளை இன்னும் ‘அம்மா’ என்று கூப்பிடவில்லையே என்று அவள் வந்து குறைப்பட்டபோதெல்லாம் டீச்சர் தேற்றி அனுப்பினாள். தன் மகனே பிந்தித்தான் பேசினான், இப்போது அவன் வாயை மூட முடியவில்லை என்று சிரித்தாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நம்பித்தான் சொன்னாள்.

டீச்சருக்குப் பயிற்சி கிடைக்காமலா போயிற்று? கிடைத்தது. செல்போனில் எடையை எப்படிப் பதிவது, படத்தை எப்படி அனுப்புவது என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்கிற பயிற்சிதான் இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே போனது. ஒருவழியாக அது வந்தபோது மகிழினி பெரிய பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டியிருந்தாள்.

நடத்தியவர் மேற்பார்வையாளர் ஜூலியட் மேடம். நல்ல மனுஷி, எந்த டீச்சரையும் விட்டுக்கொடுக்க மாட்டார். காது கேளாத பிள்ளையை எப்படிக் கண்டுகொள்வது என்று அவர் சொன்னார்: பேச்சு வராது, சத்தத்துக்குத் திரும்பாது, தூக்கத்திலிருந்து எழாது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு அந்தக் குறை இருந்தால் தம்பி தங்கையையும் உடனே பார்க்க வேண்டும், நாள் போகப் போகப் பேச்சு எட்டாமல் போய்விடும் என்றார். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை ஆவுடையம்மாள் தொடவே இல்லை.

மறுநாள் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து மகிழினியின் தலைமாட்டில் நின்று தட்டினாள். அத்தனை பிள்ளைகளும் அலறிக்கொண்டு எழுந்தன. மகிழினி மட்டும் தூங்கினாள்.

டீச்சர் சொல்லி முத்துப்பேச்சி கொண்டுபோய்க் காட்டிய பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு வார்த்தைதான் பேசினார். கருவி வைத்தால் சத்தம் கேட்கும், பேச்சு வருவது சந்தேகம், தாமதமாகிவிட்டது. ஏன் தாமதமானது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. வீட்டில் மாமியார் காரணம் கண்டுபிடித்துவிட்டாள்: வயிற்றுப்பிள்ளையோடு இவள் கிரகணத்தன்று வெளியே போனாளாம்.

ஒரு நாள் காலை, தோளில் கைப்பிள்ளையோடு முத்துப்பேச்சி அங்கன்வாடிக்கு வந்தாள். மகிழினியின் தம்பி, தவழத் தொடங்கியிருந்தவன். பார்வையிட வந்திருந்த ஜூலியட் மேடமும் அங்கே இருந்தார். முத்துப்பேச்சி அழவில்லை. இரண்டு பேரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டாள்.

“சின்னதுலயே பாத்திருந்தா மகிழினி பேசியிருப்பாளா?”

மேடம் முந்திக்கொண்டார். “பிறவிக் குறைம்மா. எப்பப் பாத்தாலும் ஒண்ணுதான். யார் மேலயும் தப்பில்ல.”

முத்துப்பேச்சியின் முகம் எத்தனையோ நாளைக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்தது. திரும்பிப் போக எழுந்தாள். ஆயாம்மா பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். தோளில் கிடந்த பிள்ளை அசையவில்லை. அசந்து தூங்கியிருக்கவும் செய்யலாம், யார் கண்டது? ஆவுடையம்மாளால் பொறுக்க முடியவில்லை.

“பேசியிருப்பா. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். இவனையாவது இன்னிக்கே கொண்டுபோய்க் காட்டு முத்துப்பேச்சி.”

முத்துப்பேச்சி வாசற்படியில் நின்றாள்.

“அன்னைக்கு நீங்க சொன்னத நம்புனேன் டீச்சர். இப்ப இந்தம்மா ஒண்ணு சொல்லுதாங்க, நீங்க ஒண்ணு சொல்லுதீங்க. இன்னமும் நம்பணுமா?”

அதோடு போனவள்தான். அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. செவிலியரை அனுப்பிப் பார்த்தார்கள், மாமியார் வாசலிலேயே திருப்பிவிட்டாள். ஆவுடையம்மாள் தெருவில் வந்தால் அந்த வீட்டுக் கதவு மூடிக்கொள்ளும். ஜூலியட் மேடமுக்கு ஆற்றாமை தாங்கவில்லை: நீ சும்மா இருந்திருந்தால் அடுத்து பிள்ளைகளுக்கு எடை போடும் நாளில் நாமே சத்தமில்லாமல் பிள்ளையைப் பார்த்திருக்கலாமே, கெடுத்துவிட்டாயே என்றார்.

இப்போது சொல்லுங்கள். பெற்றவளின் மனம் நோகாமல் மறைத்த ஜூலியட்டா, பிள்ளைக்காக உண்மையைச் சொன்ன ஆவுடையம்மாளா, இனி யாரையும் நம்புவதில்லை என்று போன முத்துப்பேச்சியா? இந்த மூன்று பேரில் யார் செய்தது சரி?

விடை: முத்துப்பேச்சியைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. ஜூலியட் செய்தது சரியல்ல. எப்போது பார்த்தாலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் எடை நாளில் கண்டுபிடித்து என்ன பயன்? பிறகு ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்றுதானே தாய் கேட்பாள்? ஆவுடையம்மாள் சொன்னதுதான் சரி. ஆனால் அவள் சொல்லுக்கு அந்த வீட்டில் மதிப்புப் போய்விட்டது. மதிப்புள்ள சொல் ஜூலியட்டிடம் இருந்தது. அதை அவர் பொய்க்குச் செலவழித்துவிட்டார். அந்த உண்மையை மேடம் சொல்லி, டீச்சர் பக்கத்தில் தலைகுனிந்து நின்றிருந்தால் ஒருவேளை முத்துப்பேச்சி கேட்டிருப்பாள். நாம் விடையைக் கண்டுபிடித்துவிட்டோம். சின்னவன் நடக்கத் தொடங்கிவிட்டான். அவனுக்குக் காது கேட்கிறதா என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை.