நாலு மணித் தறி

"அக்கா, என் பேரை அழிச்சிருங்க," என்றான் பூபதி.

ஊர் இளைஞர் மன்றத்துச் சுவரில் ஒரு கரும்பலகை. பீடி, சிகரெட், குட்கா எதையும் தொடமாட்டோம் என்று உறுதி எடுத்த இளவட்டங்களின் பெயர்கள் அதில் இருந்தன. ஆடி மாதம் பதினோரு பெயர். இப்போது அவன் பெயர் மட்டும்தான் மிச்சம்.

மன்றத்தை நடத்தும் தமயந்தி அவனைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். பகலில், அவன் வேலை செய்யும் விசைத்தறிக் கூடத்தின் பின்சுவரை ஒட்டிய வீட்டில் நூல் சுற்றுகிறாள். சாயங்காலம் மன்றத்தைத் திறந்து கேரம் பலகையைத் துடைத்து வைப்பாள். யாரும் வராத நாளிலும் துடைத்து வைப்பாள்.

"பீடி கேக்குதா?" என்றாள்.

"பீடி இல்லீங்க்கா. நாலு மணியானா எல்லாரும் தறிய நிறுத்திட்டு வெளிய போயிர்றாங்க. பத்து நிமிசம் ஊதிட்டு, சிரிச்சுப் பேசிட்டு வர்றாங்க. நான் ஒருத்தன் உள்ள தறி ஓட்டிட்டு இருக்கேன்."

"சும்மா போய் நிக்கிறது?"

"நின்னேன். 'உத்தமன் வந்துட்டான்'னு கேலி பண்ணாங்க. அதோட பேச்சே நின்னு போச்சு."

இருபது வயதில் புகைப்பதை விடுவதுகூடச் சுலபம். கூடிச் சிரிப்பதை விடுவதுதான் பெரும்பாடு.

தமயந்தி கரும்பலகை துடைக்கும் துணியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு வந்து நீயே அழிச்சுக்கோ."

"இன்னிக்கே அழிச்சா என்னங்க்கா?"

"நாளைக்கு நாலு மணிக்கு எல்லாரும் போனதும் உன் தறிய நிறுத்து. நிறுத்திட்டுப் பேசாம நில்லு."

"எதுக்கு?"

அவள் கேரம் காய்களை அடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு எல்லாரும் வெளியே போனார்கள். வழக்கம்போல ஒருவரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பூபதி தறியை நிறுத்தினான்.

சத்தம் நிற்கவில்லை.

தூண்களுக்கு அந்தப் பக்கம், பின்சுவரை ஒட்டிய கடைசி வரிசையில், இன்னொரு தறி ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் தன் தறியின் இரைச்சலில் அது அவன் காதில் விழுந்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. வெளியே அவர்கள் சிரிப்பது கேட்டது.

தூணைச் சுற்றிக்கொண்டு நவநீதன் வந்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மன்றத்துப் பக்கம் எட்டிப் பார்த்தவன் இல்லை. அவனும் மற்றவர்களோடு வெளியே போகிறவன் என்றே பூபதி நினைத்திருந்தான்.

காதில் ஒரு பீடியைச் செருகியிருந்தான். இன்னும் பற்றவைக்கவில்லை.

பூபதியைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிட்டான்.

"உள்ளதான் இருக்கீங்களாண்ணா?"

"ஏன்?"

"தெனமும் இந்த நேரத்துக்கு நானும் வெளிய போயிரலாம்னு தறிய நிறுத்துவேனுங்க. உங்க தறி ஓடுற சத்தம் கேக்கும். சரி, இன்னிக்கு வேண்டாம்னு மறுபடியும் போட்டுருவேன்."

அவன் கை காதுக்குப் போய் பீடியைத் தொட்டது.

"இன்னிக்குச் சத்தமே இல்ல. நீங்களும் போயிட்டீங்களாக்கும்னு நெனச்சேன்."

பூபதி இடுப்பில் செருகியிருந்த அந்தத் துணியை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நூல் அறுந்துருச்சுப்பா," என்றான். "நீ உன் தறிக்குப் போ. இதோ நானும் போட்டுர்றேன்."