டெரன்ஸின் ஆளுயரப் பெட்டி

பேஸ் கிட்டார் டெரன்ஸ் தன் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டியை யாரையும் தொட விடமாட்டார். மைதானக் கச்சேரியில் அதை மேடை நடுவிலேயே வைத்துவிட்டார்.

"அங்க பாடகி நிக்கணும் சார், ஓரமா வைக்கலாமே," என்றாள் கேபிள் போடும் அஞ்சலை.

"கடைசி வரிசைக்குக் கேக்கலைன்னா உன் வேலை போயிடும்!"

"அங்கயே போய் வாசிச்சுப் பாருங்க சார்."

டெரன்ஸ் வயர்லெஸ் கிட்டாரோடு கடைசி வரிசைக்குப் போய் வாசித்தார். நாற்காலிகள் அதிர்ந்தன.

"பாத்தியா என் பெட்டியை!"

அஞ்சலை மைக்கில் சொன்னாள்: "அதோட பிளக் என் கையில இருக்கு சார். உங்க வாசிப்பு நேரா சவுண்ட் மிக்ஸருக்குப் போய் மைதானத்து ஸ்பீக்கர்ல வருது."

"அப்ப பெட்டி எதுக்கு?"

"பக்கத்துல நிக்கிற உங்க காதுக்கு."

டெரன்ஸ் வந்து, தானே பெட்டியை ஓரமாகத் தள்ளினார். அதன்மேல் அவளுக்கு டீ வைத்தார்.