எட்டாவது நட்டு

பெருந்துறையில் பொன்னுரங்கம் என்று ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார். ஓய்வு பெற்ற மறுமாதமே கோகிலவாணியின் கார் ரிப்பேர் ஷெட்டில் போய் நின்றார். கோகிலவாணி அவரிடம் படித்தவள்.

"எனக்குத் தொழில் சொல்லிக்குடு" என்றார்.

"உங்ககிட்ட முப்பத்தஞ்சு மார்க் வாங்கினவ சார் நானு."

"முப்பத்தி நாலு. ஒண்ணு நான் போட்டது."

சிரித்துக்கொண்டே ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். அன்றிலிருந்து அவர் சீடர், அவள் குரு.

ஒரு வருடம் போனது. வாத்தியாரின் மகளுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அந்த நேரம் பார்த்து அவருடைய பழைய காரில் எக்ஸாஸ்ட் ஹெடர் விரிசல் விட்டிருந்தது. எஞ்சின் கக்கும் புகையை வாங்கிப் பின்னால் அனுப்புகிற நாலு கால் குழாய் அது.

"வீட்டுல வச்சு நானே மாத்தறேன். பேத்தி நான் செஞ்ச வண்டியில வரணும்."

"மாத்துங்க சார்."

"வேலை முடிஞ்சுதுன்னு எப்பச் சொல்லலாம்?"

"முடிஞ்சதும் கூப்பிடுங்க. அப்பச் சொல்றேன்."

துருவேறிய நட்டுகள் எட்டு. இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். ஏழு கழன்றன. கை நுழையாத மூலையில் இருந்த எட்டாவது, டக்கென்று அது மாட்டியிருந்த தண்டோடு முறிந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. மீதித் தண்டு எஞ்சினுக்குள்.

அதைத் துளைத்து எடுக்க இன்னும் இரண்டு நாளாவது ஆகும். அன்று வியாழக்கிழமை.

புதுக் குழாயை ஏழு நட்டில் முறுக்கினார். முறிந்த துண்டைச் சூடு தாங்கும் பசை வைத்து அதன் இடத்திலேயே ஒட்டினார். பார்க்க எட்டும் எட்டாகத்தான் இருந்தன. ஸ்டார்ட் செய்தபோது அந்த மூலையில் புகை கசிந்து மெல்ல டிக் டிக் என்றது. சூடானதும் அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி எட்டு கிலோமீட்டர்தானே என்று சொல்லிக்கொண்டார். எஞ்சினை அணைத்துவிட்டுப் போன் செய்தார்.

சாயங்காலம் கோகிலவாணி எட்டு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை.

"முடிஞ்சுதுங்களா சார்?"

"முடிஞ்சுது."

"எட்டும்?"

"எட்டும்."

பின்கதவைத் திறந்து பிள்ளையோடு ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க ஷெட்டுப் பழக்கம் சார். தனியாச் செஞ்ச மொத வேலைக்கு, சொல்லிக்குடுத்தவங்க குடும்பந்தான் மொத சவாரி. எங்கப்பா என்னைய இப்படித்தான் மடியில வச்சுட்டுப் போனாராம். எடுங்க, பவானி வரைக்கும் போயிட்டு வருவோம்."

வாத்தியார் முன்னால் ஏறினார்.

"இவனுக்குச் சளி சார். கண்ணாடிய ஏத்திக்கறேன். உங்களுதையும் ஏத்திருங்க."

நான்கு கண்ணாடிகளும் ஏறின. வெளிச்சத்தம் நின்றது. பிள்ளை ஜன்னலில் வாயை வைத்து ஊதினான். கண்ணாடியில் காசளவு ஒரு வட்டம் பனித்தது, மறைந்தது, மறுபடி பனித்தது. வாத்தியார் அதைத் தலைக்கு மேலிருந்த, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தார்.

நிறமில்லை, மணமில்லை. எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைப் பற்றி முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கை சாவியின்மேல் இருந்தது. அது சாவியைத் திருப்ப மறுத்தது.

"என்ன சார், பேட்டரி போயிருச்சா?"

"எறங்கு."

"சார்?"

"புள்ளையத் தூக்கிட்டு எறங்கு கோகிலா!"

அப்படியொரு குரல் தன்னிடம் இருந்தது அவருக்கே தெரியாது. பிள்ளை வீரிட்டு அழுதான். அவர் ஓடிவந்து நான்கு கதவுகளையும் திறந்துபோட்டார். உள்ளே எதுவுமே இல்லை, எஞ்சின் இன்னும் ஓடவேயில்லை. ஆனாலும் திறந்துபோட்டார்.

"எட்டாவது முறிஞ்சுபோச்சு. ஒட்டி வச்சிருக்கேன். நாளைக்கு இதுலதான் என் பேத்திய..."

கார் கதவைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கோகிலவாணி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பிள்ளையின் அழுகை அடங்கியபோது அவர் நிமிர்ந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியும். என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருப்ப. என்னைச் சோதிக்கத்தானே ஏறின? சொல்லு கோகிலா, தெரியுந்தானே?"

தட்டிக்கொண்டிருந்த கை பிள்ளையின் முதுகிலேயே நின்றது.

"தெரியாதுங்க சார்," என்றாள். "முடிஞ்சுதுன்னு நீங்க சொன்னீங்க."