முதலில் வந்த பெயர்

படத்தில் இரண்டு ஹீரோக்கள். டைட்டிலில் தன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று இருவருமே ஒற்றைக்காலில் நின்றார்கள். அவர்களை அதட்ட முடியாத தயாரிப்பாளர், கிராபிக்ஸ் போடும் தெய்வானையை அதட்டினார்: "யார் கோவிச்சுக்கிட்டாலும் உன் வேலை காலி!"

தெய்வானை, டைட்டில் எழுத்துகள் மங்கலாகத் தோன்றித் தெளியும்படி செய்தாள். இருவரையும் உட்காரவைத்து டைட்டிலை ஓடவிட்டு, முதல் பெயர் மங்கலாக இருக்கும்போதே நிறுத்தினாள்.

"இது யார் பேருங்க சார்?"

"என் பேர்தான். அந்தக் கம்பீரம் தெரியலையா?" என்றார் ஒருவர்.

"கண்ணைத் துடைச்சிட்டுப் பாருங்க, அது நான்!" என்றார் மற்றவர்.

தெய்வானை மங்கலைக் குறைத்தாள். 'டீ சப்ளை: குழந்தைவேலு' என்று பளிச்சென்று தெளிந்தது.

"பழையபடி மங்கலாவே விட்டுடவா சார்? ரெண்டு பேருமே முதல்ல வந்துடலாம்."

இருவரும் சேர்ந்து தலையாட்டினார்கள். அந்தப் படத்திலேயே அவர்கள் ஒத்துப்போன ஒரே காட்சி அதுதான்.